கிருஷ்ணாபுரம், பிள்ளையோடு

"தட்டிப் பாரும்வே,
ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சத்தம்" என்று
காதை வைத்துக் காட்டுகிறார் வைகுண்டம்.
கோமு அதற்குள் குழாயடிக்கு ஓடிவிட்டாள்.

குறவனின் தொடை நரம்பு,
ராஜகுமாரியின் நகக்கண்:
பாதி வாக்கியத்தில் நான் ஓட,
மீதியை முத்துச்செண்பகம் கேட்டுவந்து சொல்ல,
அதையும் பாதியில் விட்டு
இருவரும் ஓட.

ரதியின் காலடியில் அவள் உட்கார்ந்தது
எறும்புக்காக.
வீரபத்திரனை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.
அவன் வாளில் ஒரு புறா.

எடுத்த பதினேழு படத்திலும்
சிலை அப்படியே நிற்கிறது,
பிள்ளைதான் ஒரு கலங்கல்.

"அவ தூங்கின பெறவு ஒருநா வாங்க,
கல்லு எங்கயும் போவாது"
ரூபாயை மடித்தபடி வைகுண்டம்.

வெளியே வந்தோம்.
ஒரு கால் செருப்பு அவளுடையது,
மற்றது யாருடையதோ.

பாளை பஸ்ஸில்
ஜன்னல் கம்பியை விரல்முட்டியால் தட்டிக்
காதை வைக்கிறாள்.
பிறகு சீட்டின் முதுகு.
அம்மாவின் வளையல்.
பிறகு என் முழங்கால் சில்லு.

"என்னட்டி கேக்கு?"

"உஸ்" என்கிறாள்.
கே.டி.சி. நகர் தாண்டியும்
காதை எடுக்கவில்லை.