குளிர்சுருள்

மணம், வாசம், நெடி, வீச்சம், கவுச்சி –
ட்ரைக்ளோருக்கு இவற்றில் ஒன்றும் சரிப்படவில்லை.
சற்றே இனிப்பு. பாகு பதம் தப்பி
அடிப்பிடிக்கும் முன்னால் வருமே, அந்த இனிப்பு.
பேட்டைப் பட்டறையில் சேர்ந்த முதல் வாரம்
எனக்குத் தலை கனத்தது.
இரண்டாம் வாரம் வாசனையே இல்லை.
பழகிவிட்டது என்றார்கள்.
பழகியது மூக்கு. ஈரல் அல்ல.

ஸ்டோர் என் பொறுப்பு. ட்ரம், மூடி, சாவி, நோட்டு.
தொட்டியின் அடியில் ஹீட்டர்.
விளிம்புக்கு ஒரு முழம் கீழே செம்புச் சுருள்,
அதற்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.
கொதித்தெழும் ஆவி அதைத் தொட்டுக் குளிர்ந்து
சொட்டுச் சொட்டாய்த் திரும்பி விழும்.
காற்றில் கோடு கிழித்ததுபோல் ஒரு மட்டம்.
அதற்கு மேல் நாம்.

பித்தளை புஷ்களைக் கூடையில் அடுக்கி
மாசானம் மெதுவாக இறக்குவான்,
உறங்கும் பிள்ளையைத் தொட்டிலில் இடுவதுபோல்.
வேகம் கூடினால் ஆவி வழியும்.
வழிந்தது மேலே போகாது, காற்றைவிடக் கனம்.
கோடகன் கால்வாய்த் தண்ணீர் பள்ளவயல் தேடுவதுபோல்
தரை தேடி, குழி தேடி,
குனிந்து நட்டு பொறுக்குகிறவன் முகம் தேடிப் போகும்.

சுத்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஆடியில் சுடலைக்குக் கொடை.
ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தான் மாசானம்.
வாழைத்தோப்புக்குள் இரண்டு கிளாஸ்.
இரண்டேதான், சத்தியமாக.
மகுடம் ஏறி அடித்துக்கொண்டிருந்தபோது
அவன் கன்னம் சிவந்தது.
கன்னத்திலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து மார்பு,
குங்குமத்தை வாரி யாரோ எறிந்ததுபோல்
திட்டுத் திட்டாக.
கண் செருகியது. கால் நிலைகொள்ளவில்லை.
"ஏ, மாசானத்துக்குச் சாமி வந்துட்டுல!"
குலவை. திருநீறு. வல்லயத்தைக் கையில் கொடுத்தார்கள்.
வயதில் மூத்தவர்கள் காலில் விழுந்து குறி கேட்டார்கள்.
மகள் கல்யாணம் கூடுமா?
கூடும் என்றான்.
அதுவரை ஊர்க்கூட்டத்தில்
அவனுக்கு நகர்ந்து இடம் விட்டவர் கிடையாது.

நானும் கும்பிட்டேன்.
கும்பிட்ட கையை இறக்குமுன் ஞாபகம் வந்தது,
ஸ்டோர் சுவரில் நானே ஒட்டிய தாள்:
ஆவியைச் சுவாசித்தவர் மது அருந்தினால்
முகமும் கழுத்தும் சிவக்கலாம்.
ஒட்டும்போது அந்த வரிக்குச் சிரித்திருந்தேன்.

மறுநாள் காலை சுருளின் வெளிக்குழாயைத் தொட்டேன். சுட்டது.
போர் மோட்டார் எரிந்து நாலு நாள்.
வால்வை அடைத்துவிட்டு
ஹீட்டரை மட்டும் ஓடவிட்டிருக்கிறார்கள்.
பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் பொறி பறக்கிறது.
அந்த ஆவியும் அந்தச் சூடும் சேர்ந்தால் என்ன பிறக்கும்
என்பது அதே தாளில் அடுத்த வரி. அதற்குச் சிரிப்பு வராது.
கை தட்டி வெல்டரை நிறுத்தினேன். மெயினை அணைத்தேன்.
எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன்.
"ஆர்டர் கிடக்கு. நீ என்ன இன்ஸ்பெக்டரா?"
என்றார் தளவாய் அண்ணாச்சி.
நோட்டில் எழுதினேன்: சுருளில் தண்ணீர் இல்லை.
தொட்டி நிறுத்தம். நேரம் 8.10.
கையெழுத்துக்கு அவரிடமே நீட்டினேன்.

மாசானம் டீ கிளாஸோடு வந்தான்,
நெற்றியில் நேற்றைய நீறு கலையாமல்.
முழுதும் சொன்னேன்.
விரலிடுக்கில் வெளுத்து வெடித்த தோலைப்
பார்த்துக்கொண்டே நின்றான்.
"அப்ப சாமி என்னத் தேடி வரலியாக்கா?"
டீ ஆறிப்போனது.
பிறகு, "ஊர்ல சொல்லிராதீக."

சொல்லவில்லை.
புது மோட்டார் வந்துவிட்டது, தண்ணீர் ஓடுகிறது.
தினம் வெளிக்குழாயைத் தொட்டுக்
குளிர்ச்சி என்று எழுதுகிறேன்.
அவனைப் பேக்கிங்குக்கு மாற்றியாயிற்று.
ரத்தமும் சிறுநீரும் சோதனைக்குப் போயிருக்கின்றன.
அந்தக் கல்யாணம் ஆவணியில் கூடிவிட்டது.
வல்லயத்துக்குப் புது மணி கட்டியிருக்கிறார்களாம்,
அடுத்த ஆடிக்கு அவனேதான் ஆடவேண்டுமாம்.
அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே கேட்கிறான்,
முகம் சிவக்காவிட்டால் என்ன செய்வது என்று.
தாளை மேலிருந்து கீழாக இன்னொருமுறை படித்தேன்.