அழித்து வரைந்த அம்பு

பாம்பிளமூஸ் வானிலைக் கூடத்தில் எனக்கு வேலை
செத்த காற்றுகளைப் படியெடுப்பது.
மாதம் பன்னிரண்டு ரூபாய். மை என் செலவு.

போர்ட் லூயித் துறைக்கு வரும் கப்பல்கள்
நாட்குறிப்பைக் கொடுத்துவிட்டுப் போகும்.
உப்பில் ஊறிய தாள்.
நண்பகலில் நின்ற இடம், பாதரசத்தின் உயரம், காற்றின் திசை.
ஒரு கப்பலுக்கு ஓர் அம்பு,
வரைபடத்தில் போட்டு வைப்பேன்.

மாலுமிகளின் புத்தகம் சொன்னது:
புயல் ஒரு வட்டம்.
காற்றுக்கு முகம் கொடுத்து நில்,
இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டு,
விரல்நுனி காட்டுமிடம் புயலின் கண்.
அதை நம்பிப் பிழைத்த கப்பல்கள் உண்டு.
நம்பி மூழ்கியவையும் உண்டு.

'கிளாரிந்தா'வின் கடைசிப் பக்கம்:
"தென்கிழக்குக் காற்று. ஆகவே கண் வடகிழக்கே.
வடமேற்காக ஓடுகிறோம்."
ஆகவே என்பதை அடிக்கோடிட்டிருந்தார் தலைவர்.
கண் வடக்கே இருந்தது.
படகில் தப்பிய ஒருவன் சட்டைக்குள்
வந்து சேர்ந்தது அந்த ஏடு.

அதற்கு ஒரு மாதம் முன், ஒப்புக்கொள்கிறேன்,
கவராயத்தால் நான் போட்ட வட்டத்தில்
ஓர் அம்பு கோட்டோடு ஓடாமல்
உள்ளே மூக்கை நுழைத்தது.
கைத்தவறு என்று நினைத்து
ரொட்டித் துணுக்கால் தேய்த்து
புத்தகத்துக்குப் பொருந்தத் திருப்பிவிட்டேன்.
தாண்டவராயனைத் 'தாந்திராயேன்' என்று
பதிவேட்டில் திருத்திக்கொண்ட தீவில்
ஓர் அம்பைத் திருத்துவது பெரிய பாவமாகத் தோன்றவில்லை.

பிறகு அடுத்தது சாய்ந்தது. அதற்கடுத்தது.
நாற்பத்தோரு கப்பல்கள்.
ஒருவரையொருவர் பார்த்தறியாத தலைவர்கள்,
அதில் குடிகாரர் இருவர்,
கையெழுத்தே விளங்காத நார்வேக்காரர் ஒருவர்.
இத்தனை பேரும் கூடி ஒரே பொய்யைச் சொல்ல முடியாது.
மடைவாயில் சுழலும் தண்ணீர்
வட்டமாகவா நிற்கிறது?
சுற்றிச் சுற்றி உள்ளேதானே போகிறது.

துரையின் மேசையில் படத்தை விரித்தேன்.
வெகுநேரம் பேசவில்லை.
கவராயத்தை மடக்கிப் பெட்டியில் வைத்தார்.
"இது ஒன்று மட்டும் ஏன் வட்டத்திலேயே நிற்கிறது?"
சொன்னேன்.
"திரும்பப் போடு."

தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து
மை பூத்துவிட்டது.
அச்சான படத்தில் அந்த அம்பு மட்டும் சற்றே தடிப்பு.
ஏனென்று இதுவரை எவரும் கேட்டதில்லை.

பழைய விதி ஒரு கைநீட்டலில் முடிந்துவிடும்.
புதியதில் 'ஏறக்குறைய' என்ற சொல் வந்துவிட்டது.
கப்பல்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை.
"எந்தப் பக்கம் கை நீட்ட, அதைச் சொல்" என்கிறார்கள்.

வெளியே கரும்பு அசையவில்லை.
பாதரசம்
நேற்றையைவிட ஒரு நூல் இறக்கம்.