மூணு பதினஞ்சு

எனக்கு எண்கள்தான் மனசில் நிற்கும்.
இருபது பேர், மாதம் ஐயாயிரம்.
ஏழாம் மாதம் சீட்டை எடுத்தவன்
ஓசூர் தாண்டிப் போனான், திரும்பவில்லை.
எட்டாம் மாதத்திலிருந்து
நான் சொன்ன பொய்கள் பதினொன்று,
தேதியோடு சொல்வேன்.
அப்புறம் நானூற்று இருபது.
அப்புறம் மூன்று வருடம்,
நன்னடத்தைக்கு ஐந்து மாதம் தள்ளி.
ஏலச்சீட்டு மாதிரியே
தண்டனையிலும் கழிவு உண்டு.

இப்போது மூணு பதினஞ்சு.
வெல்டிங் ராடின் தடிமன், மில்லிமீட்டரில்.

காவேரிப்பட்டணத்தில் ஏறினால்
டிக்கெட்டில் ரூபாய் பூஜ்யம் என்று அடித்துத் தருவார்கள்.
கிருஷ்ணகிரியில் இறங்கி நடக்க வேண்டும்.
பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் மாங்கூழ் ஃபேக்டரி.
ஜூன் மாசம்.
கொட்டைக் குவியலிலிருந்து வரும் ஈ
முகமூடிக்குள்ளேயும் வரும்.
பதினாலு பையன்கள், நான் ஒருத்தி.

முதல் நாள் வருகைப் பதிவில்
"மு. மாதேஸ்வரி, ராயக்கோட்டை" என்று படித்து
நிமிர்ந்து பார்த்தாள் டீச்சர் சசிரேகா.
அதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.
அந்த மூக்கு
தக்காளி மண்டி நஞ்சம்மாவின் மூக்கு.
சீட்டில் பதினாறாவது பெயர்.
மகளை இஞ்சினியரிங் சேர்க்கக் கட்டிய பணம்,
அறுபத்தெட்டாயிரத்து நானூறு.
மகள் டிப்ளமோவோடு நின்றிருக்கிறாள்.
இங்கே நிற்கிறாள்,
எனக்கு முன்னால், சாக்பீஸோடு.

"கையை இறுக்காதீங்க" என்றாள்.
அவ்வளவுதான்.
"தீக்குச்சி கிழிக்கிற மாதிரி உரசணும்.
ஒட்டிக்கிட்டா பயந்து விட்டுடக் கூடாது,
திருப்பி ஒடிக்கணும்."
மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட
வேறு எதையும் பேசவில்லை.
திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன்.
தினமும் என் தகட்டைத்தான் கடைசியாகப் பார்த்தாள்,
அதிக நேரம் பார்த்தாள்.

ஒரு ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல எரிச்சல்.
முகமூடி இறக்குவதற்குள் பார்த்துவிட்ட வெளிச்சம்.
உருளைக்கிழங்கு வட்டம் இரண்டை
இமைமேல் வைத்துப் படுத்திருந்தேன்.
"ஜெயில்ல அழாதவ இங்க வந்து அழறா" என்று
ஓரகத்தி யாரிடமோ போனில் சொன்னாள்.
மறுக்கவில்லை.
கொஞ்சம் அழுதுகொண்டும் இருந்தேன்.

ஓசூரில் மூன்று கம்பெனி.
மூன்று விண்ணப்பத்திலும் ஒரே கேள்வி,
உங்கள் மீது வழக்கு ஏதும் உண்டா.
முதல் தாளில் பேனா நின்றது.
பன்னிரண்டாவது பொய்யாக இருந்திருக்கும்.
ஆம் என்று எழுதினேன், மூன்றிலும்.
போன் வரவில்லை, மூன்றிலிருந்தும்.

பழையபேட்டையில் கேட் அடிக்கிற ஜபருல்லா
விண்ணப்பம் வைத்திருக்கவில்லை.
துண்டு ஆங்கிளைத் தூக்கிப் போட்டு "ஓட்டிக் காட்டு" என்றார்.
கசடைத் தட்டி, விரலால் தடவி,
"ஒரு எடத்துல ஓட்டை இருக்கு.
நாளைக்கு ஐநூத்தம்பது" என்றார்.
கேஸைப் பற்றி நானாகத்தான் சொன்னேன்.
"கல்லாவுல கை வைக்காத" என்றார்,
டீக்கு ஆள் அனுப்பினார்.

முதல் வாரம் ஐநூறை மடித்து
சசிரேகாவிடம் நீட்டினேன்.
கை நீளவில்லை.
"அம்மா மண்டியிலதான் இருக்காங்க.
விடிகாலை நாலு மணிக்கு."
அப்புறம், என் தோளைத் தாண்டிப் பார்த்து,
"உங்களுக்குக் கை நல்லாத்தான் வந்திருக்கு."

நூற்று முப்பத்தேழு முறை கொடுத்தால் தீரும்.
இது ஒன்று.

ராயக்கோட்டையில் பனி.
லாரிக்குப் பின்னால் நின்றேன்.
நஞ்சம்மா பெட்டி இறக்கிக்கொண்டிருந்தாள்,
ஒன்றுக்கு லாபம் என்றுதான் எண்ணிக்கை ஆரம்பிக்கும்.
லாபம், ரெண்டு, மூணு...
இருபதில் போகலாம் என்று நினைத்தேன்.
முப்பதில் கால் திரும்பிக்கூட விட்டது.
முப்பத்தேழில் அவள் நிமிர்ந்தாள்,
என்னைப் பார்த்தாள்,
எண்ணிக்கை விட்டுப்போனது.

முப்பத்தெட்டு, என்றேன்.

அடுத்த பெட்டிக்குக் கை நீட்டினாள்.
இந்தப் பக்கத்தை
நான் பிடித்தேன்.