காலுக்குப் புத்தி

ஈரி ஏரிக்கு அடியில், ஆயிரத்து எண்ணூறு அடி ஆழத்தில்
இரவு எட்டு மணிக்கு எங்களுக்கு மதிய உணவு.
மேலே க்ளீவ்லாந்தில் ஏப்ரல், மழை.
எந்த அணிக்கு எந்தப் பையன் என்று
பெயர் பெயராக வாசித்துக்கொண்டிருப்பார்கள்.
கீழே உப்புச் சுரங்கத்தில் சிக்னல் கிடையாது.
ஆகவே வாதம்தான்.

ஹ்ரிபார் சாண்ட்விச்சை மேசைமேல் வைத்தான்:
அது மார்கெல் ப்ரூவிட், க்வார்ட்டர்பேக்.
மிளகுத்தூள் டப்பாவும் இரண்டு பேட்டரியும்
அவனைத் துரத்துகிற முரடர்கள்.
"இப்படி, இப்படி, பார், இப்படி" என்று
சாண்ட்விச் மூவரையும் சுற்றி ஓடி
மேசை விளிம்பில் டச்டவுன் அடித்தது.
"நாற்பது கெஜம், நாலரை நொடிகூட இல்லை.
எத்தனை வருடமாய் இந்த ஊர்
உப்புக்குச் சப்பாணிகளை நிறுத்திவைத்துத் தோற்கிறது!
ஒரு தடவையாவது ஓடுகிறவன் வரட்டுமே."

இலோனா ஸபோ சிரிக்கவில்லை.
வெடி வைக்கிறவள், எண்ணித்தான் பேசுவாள்.
"கல்லூரியில் அவனைத் துரத்தினவன்
அடுத்த வருடம் இன்சூரன்ஸ் விற்பான்.
இங்கே துரத்துகிறவனுக்கு வீட்டுக்கடன் இருக்கிறது.
முதல் ஆள் அகப்படவில்லையா,
பையன் கண்ணைத் தாழ்த்திவிடுகிறான்.
இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள்
கையைத் தூக்கிக்கொண்டே நிற்கிறார்கள் பாவம்,
பஸ் நிற்காத ஸ்டாப்பில் நிற்கிறமாதிரி.
காலுக்குப் புத்தி சொல்லத் தெரிகிறது.
கைக்கு எப்போது சொல்வான்?"

நான் லாரி ஓட்டுகிறவன். எனக்குப் பட்டதைச் சொன்னேன்:
நம் தூண்களைப் பாருங்கள்,
வெட்டாமல் விட்ட உப்புதான் கூரையைத் தாங்குகிறது.
ஐந்து தடியர்கள் அப்படி நின்றால்
நடுவில் இருக்கிறவன் ஏன் ஓட வேண்டும்?
"நின்றால்" என்றான் ஹ்ரிபார்.
அந்த ஒரு சொல்லோடு என் கட்சி முடிந்தது.

அப்போதுதான் கூரை பேசியது.
பெரிதாக இல்லை,
பழைய கட்டிலில் யாரோ புரண்டு படுப்பதுபோல்.
எங்களுக்கு விதி ஒன்றுதான்:
முதலில் ஓடு, பிறகு திரும்பிப் பார்.
பார்த்தபோது எல்லோருக்கும் முன்னால் இலோனா,
கையில் ஃப்ளாஸ்க்கோடு.
ஒன்றும் விழவில்லை.
மேசைமேல் மார்கெல் ப்ரூவிட் தனியாகக் கிடந்தான்,
பாதி கடித்தபடி.
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெட்டிவேக்கு ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம்.
அதுவரை வாயே திறக்காமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்,
ஓடும்போதும் விடவில்லை போலிருக்கிறது.
"எண்பத்தொன்றில் என் அண்ணனும் பந்து எறிந்தான்.
அறுபது கெஜம் போகும், ஆடாமல் அசையாமல்.
பயிற்சியாளர் காலை மட்டும் பார்த்தார்.
நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
'இந்த வேகத்தை வைத்துக்கொண்டு எறிவது வீண்' என்றார்,
தோளில் கை போட்டு, அன்பாகத்தான்.
ஓரத்துக்கு மாற்றினார்கள். மூன்று வருடம் ஓடினான்.
இப்போது மாடி இறங்க
ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலும் வைக்கிறான்.
அந்தப் பையன் ஜெயிப்பானா, எனக்குத் தெரியாது.
அவனுக்கு நிற்கச் சொல்லித்தரும்வரை
யாராவது பொறுப்பார்களா, அதுவும் தெரியாது."

"அப்படியென்றால் எடுக்கலாமா, வேண்டாமா?" என்றான் ஹ்ரிபார்.
பெட்டிவே ஒரு சுளையை அவன் பக்கம் நீட்டினான்.

பதினோரு மணிக்குக் கூண்டு மேலே ஏறியது.
வாசல் தாண்டியதும்
பன்னிரண்டு ஃபோன்களும் ஒரே நேரத்தில் துடித்தன.
நம் அணிதான். பதினான்காவது பெயர்.
ஊதா கோட்டு, விலைச்சீட்டு தொங்கும் புதுத் தொப்பி,
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
இருபத்தொரு வயது நிற்கிறது.
ஹ்ரிபார் மழையில் கத்தினான்.
இலோனா காரைக் கிளப்பிக்கொண்டு போயேவிட்டாள்.
பெட்டிவே கண்ணாடியைத் துடைத்து மாட்டி
படத்தைப் பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான்,
முழங்காலைத் தேடி.
படம் இடுப்போடு முடிந்திருந்தது.