கன்னத்துக் கோடு

லூப்ளின், சாக்ஸன் பூங்கா. மார்ச், ஞாயிறு.
ஏழு மணிக்கு வாசலில் டிராலிபஸ் மாற்றிக்கொள்ள வேண்டும் நான்.
ஆறேகாலுக்கு
வால்நட் மரத்தடியில்
இக்னாட்ஸியும் நானும் அண்ணாந்து நிற்கிறோம்.

கறுப்பு முதுகு. தோளில் வெள்ளைத் திட்டு.
பிடரியில் சிவப்பு, ஆகவே ஆண்.
இதுவரை சண்டையில்லை.

பெரும்புள்ளி மரங்கொத்தி என்கிறான் அவன்.
சிரிய மரங்கொத்தி என்கிறேன் நான்.
கன்னத்துக் கறுப்புக் கோடு
பிடரியைப் போய்த் தொட்டால் அவனுடையது,
வழியிலேயே நின்றுவிட்டால் என்னுடையது.
நடுவில் கிடப்பது
நகக்கண் அளவு வெள்ளை.
பறவையோ சரியாக அந்த இடத்தை
ஒரு சுள்ளிக்குப் பின்னால் வைத்திருக்கிறது.

அவன் மருந்துக்கடைக்காரன்.
ஒரே நிறத்து மாத்திரைகளை
நாளெல்லாம் பிரித்துப் பழகிய கண்.
நானோ, நிறுத்தத்தில் நிற்பவர்
பஸ்ஸுக்கு நிற்கிறாரா, யாருக்காவது நிற்கிறாரா என்று
முந்நூறு மீட்டருக்கு முன்பே சொல்லிவிடுவேன்.
இருவர் பிடித்த முயலுக்கும் மூன்றே கால்.

"அடிவாலைப் பார் ஜிதா, ரத்தச் சிவப்பு."
"எங்கே? பத்துமுறை துவைத்த ரோஸ்."
"வெளிச்சம் அப்படி."
"உன் பைனாகுலர் அப்படி."

கணக்கெடுப்புத் தாளில் இரண்டு கட்டம்.
பென்சில் பிடித்த விரல் விறைக்கிறது.
பனி உருகிய சேறு
பூட்ஸுக்குள் வழி கண்டுபிடித்துவிட்டது.

நாயோடு வந்த ஒருத்தி கேட்டாள்,
"எதையாவது தொலைத்துவிட்டீர்களா?"
"ஒரு கோட்டை" என்றான் இக்னாட்ஸி.
நாயை இழுத்துக்கொண்டு வேகமாகப் போனாள்.

அப்போது அது திரும்பியது.
ஒரே தாவல். கன்னம் முழுக்க வெயில்.
கோடு புறப்படுகிறது,
இளைக்கிறது,
இரண்டு மூன்று கறுப்பு இறகுகளாகச் சிதறிப்
பிடரிக்கருகே
தொட்டதா என்றால் தொட்டது,
தொடவில்லையா என்றால் தொடவுமில்லை.

இந்தப் பக்கத்தில் இரண்டும் கலந்து கூடு வைப்பதுண்டு.
இருவருக்கும் தெரியும்.
இவ்வளவு நேரமும்
இருவருமே அதைச் சொல்லவில்லை.

அது போன வருஷத்து வால்நட் ஒன்றைப்
பட்டைப் பிளவில் செருகித்
தட்டிக்கொண்டிருந்தது.

கட்டங்களைப் பிரிக்கும் அச்சுக்கோட்டின் மேலேயே
'ஒன்று' என்று எழுதினேன்.
"உள்ளே எழுது, ஏற்கமாட்டார்கள்" என்றான்.
மணி ஆறு ஐம்பத்தாறு. ஓடினேன்.

முதல் நடையிலேயே, மேம்பாலத்துத் திருப்பத்தில்,
டிராலித் தண்டு கம்பியை விட்டு நழுவியது.
இறங்கி, கையுறை மாட்டி,
கயிற்றை இழுத்துப் பிடித்து,
பதினேழு பயணிகள் ஜன்னல் வழியே பார்க்க,
அண்ணாந்து நின்றேன்
தொட்டதா, இல்லையா என்று.