துலங்கல்

காலி வீதி, புடவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
மாலை வகுப்பு. ஏசி பழுது, ஜன்னல்கள் திறந்திருக்கின்றன.
வெண்பலகையில் நான் வரைந்த நாய்
ஆடு மாதிரி நிற்கிறது, பக்கத்தில் ஒரு மணி.
தூண்டி என்று எழுதி அம்புக்குறி போடுகையில்
கீழே ஒழுங்கைக்குள் பாண் திரீவீல் திரும்புகிறது
அதே தேய்ந்த பியானோ மெட்டோடு.
கஜவதனன் எச்சில் விழுங்கியது
முன்வரிசைக்கே கேட்டது.
இனி நாய் எதற்கு? அழித்துவிட்டேன்.

பெற்றோல் வரிசை வருஷம் நினைவிருக்கிறதா என்றேன்.
எங்கள் ஒழுங்கைக்கு மா இல்லை, பாண் இல்லை.
ஆனாலும் அந்த மனிசன் வந்தார்,
மெட்டைப் போட்டபடி,
கண்ணாடிப் பெட்டிக்குள் மரவள்ளிக்கிழங்கு.
முதல் வாரம் எல்லோரும் கேற்றடிக்கு ஓடினோம்.
பிறகு பாதிப் பேர்.
பிறகு மெட்டு வெறும் மெட்டு.
இதைத்தான் அழிவுறல் என்கிறது பாடநூல்:
கோடு ஒன்று சரிந்து சரிந்து
அச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

எதிர்மறை மீளவலியுறுத்தலில்தான்
ஒவ்வொரு வருஷமும் சிக்கல்.
தண்டனை என்று எழுதிப் புள்ளியை விடுவார்கள்.
தண்டனை இல்லை, பிள்ளைகள்.
வேண்டாத ஒன்று விலகுகிறது,
விலக்கிய செயல் கைக்குப் பழகிவிடுகிறது.
தலையிடிக் குளிசை. மழைக்குக் குடை.
சீற் பெல்ட் போட்டதும் அடங்குகிற சத்தம்.
பரீட்சைக்கு இவை போதும்.

சொல்லாமல் விட்ட உதாரணம்
என் பழைய கைப்பைக்குள் இருக்கிறது.
தடைக்குக் கிட்ட நூறாம் நம்பர் பஸ் வேகம் குறைய
பொட்டை உரித்துப் பையின் உட்புறம் ஒட்டுவேன்.
ஒரு கேள்வி குறையும்.
சில நாள் எல்லோரையும் இறக்குவார்கள்,
சில நாள் யாரோ ஒருவர் கொட்டாவியோடு கையசைப்பார், பஸ் போகும்.
ஒழுங்கில்லாமல் கிடைப்பதுதான் ஆழ வேர்விடும்:
ஆறாம் அத்தியாயம்,
லொத்தர்ச் சீட்டு விற்பவருக்கும் தெரிந்த விஷயம்.
பையைத் தூக்கிப் போட எடுத்த அன்று எண்ணினேன்.
பதினேழு பொட்டுகள், கறுப்பும் மெரூனும்,
துணியோடு துணியாய். பையைப் போடவில்லை.

யதுர்ஷிகா கை உயர்த்தினாள்.
தடைகளைக் கழற்றியபோது அவளுக்கு மூன்று வயது இருக்கும்.
"கோடு அச்சைத் தொட்ட பிறகு, மிஸ்,
அங்கேயே இருக்குமா?"
இருக்கும், என்றது என் வாய்.
அடுத்த பக்கத்தில் தன்னியல்பு மீட்சி,
அது அடுத்த கிழமைப் பாடம்.

எட்டேகால். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை.
ரயில் ஒன்று போய் முடிந்து
தண்டவாளம் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.
திடீரென்று முகத்தில் ரோச் வெளிச்சம்.

நான் எதையும் நினைக்கவில்லை.
சிப் திறந்திருந்தது. இரண்டு விரல்களுக்கு இடையில்
அடையாள அட்டை, படம் வெளியே பார்த்தபடி.
மற்றக் கை நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
இன்று நான் பொட்டே வைத்திருக்கவில்லை.

"யத்துர," என்றார் சாரம் கட்டிய ஒருவர்,
"யத்துர, மிஸ்."
வெளிச்சம் நிலத்துக்கு இறங்கியது.
கேற்றுச் சாவியாம், கை தவறி விழுந்ததாம்.
அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
திரும்பவும் குனிந்துகொண்டார்.
நானும் குனிந்தேன்.
கான் ஓரம், காய்ந்த வேப்பிலைக்குள் சாவி.

எடுத்து நிமிர்ந்தபோது
இரண்டும் ஒரே கையில் இருந்திருக்க வேண்டும்,
இரண்டையும் நீட்டியிருக்கிறேன்.
அவர் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டார்.