பெயர்கள் மோதும்போது

சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ், மூன்றாம் மாடி.
ஏ.சி. எட்டு மணிக்கே நின்றுவிட்டது.
நான் வரைந்தது ஒரே ஒரு வரைபடம்.
தலைப்பு வரவேண்டிய இடத்தில்
எந்த ஊரின் பெயரையும் எழுதவில்லை,
ஊர்ப்பெயர்கள் இருக்கும் பத்தியின் பெயரை எழுதினேன்.
மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

போன வருடம் இதே வேலையை
நானும் சுபானியும் கையால் செய்தோம்.
ஊரை நகர்த்து, தலைப்பை மாற்று, சேமி.
ஊரை நகர்த்து, தலைப்பை மறந்து, சேமி.
ஊசூர் படத்தின் மேல்
பொய்கை என்று அச்சாகிப் போய்ச் சேர்ந்தது.
கிராமசபையில் ஒருவரும் கேட்கவில்லை.
அதுதான் எனக்கு உறைத்தது.

இந்த முறை
எல்லை அடுக்கில் எத்தனை வரிசையோ
அத்தனை பக்கம்.
பொத்தானை அழுத்திவிட்டு
தேவகிருபை வாங்கிவைத்துப் போன டீயைக் குடித்தேன்,
ஆடை படிந்திருந்தது.

ஒவ்வோர் ஊருக்கும் முறை வருகிறது.
முறை வந்த ஊர் மட்டும் நிறத்தோடு,
சுற்றியிருப்பவை சாம்பலில்.
அடுத்த பக்கத்தில்
சாம்பலில் ஒன்று எழுந்துவந்து நடுவில் உட்கார
இதுவரை நடுவில் இருந்தது
எழுந்து சாம்பலுக்குப் போகிறது.
ஒன்றரை விநாடி நாட்டாமை.

ஏழு தெரு ஊரும்
மூன்று ஏரி ஊரும்
ஒரே தாளை ஒரே மாதிரி நிறைக்கின்றன.
அளவுகோல் மட்டும் மூலையில் நின்று
உண்மையைச் சொல்கிறது,
பொடி எழுத்தில்.

பாலாறு வரும் பக்கமெல்லாம் நீலம்.
எந்த நீலம் என்று ஒருமுறை கேட்டது.
ஒருமுறை சொன்னேன்.
பைபாஸ் விளக்குகளுக்கு அப்பால்
அது மணலாய்ப் படுத்திருப்பதை
இதனிடம் யாரும் சொல்லவில்லை,
நான் உட்பட.

இருநூற்று நாற்பத்தேழு.
கடைசி பஸ் பத்தே முக்காலுக்கு.
நேரம் இருந்தது.
நேரம் இருந்ததால்தான்
நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன்.
எங்கள் ஊர்.

கோயில் சரி. ஏரி சரி.
பள்ளிக்கூடம் ஒரு விரல் தள்ளி, பரவாயில்லை.
ஏரிக்குக் கீழே எண்பத்து நாலு கூரைப் புள்ளிகள்.
அதில் ஒன்றில் என் அம்மா
இந்நேரம் சாப்பாட்டை மூடிவைத்திருப்பாள்.
புள்ளிகளின் மேல் பெயர் இல்லை.

அட்டவணையில் இருக்கிறது.
காலனி என்றே இருக்கிறது.
பக்கத்தில்தான் காணோம்.
அடுத்த பக்கம் பார்த்தேன்.
அதற்கடுத்தது.
பின்னாலிருந்து பார்த்தேன்.
ஊர் இருந்த இடத்திலெல்லாம் ஊர் இருந்தது.

யாரும் அழிக்கவில்லை.
இரண்டு பெயர்கள் மோதினால்
ஒன்று விலக வேண்டும், அது விதி.
எது விலகும் என்பதற்கு ஓர் எண்.
ஊருக்குப் பத்து, காலனிக்கு ஒன்று என்று
டெம்ப்ளேட்டில் கிடந்தது.
யார் போட்டது என்று தேடினேன்.
நான்தான்.
மார்ச் மாதம், மாலை நான்கு மணி.
பெட்டி கேட்டது, நிரப்பினேன்.

கையால் செய்திருந்தால்
அசதியில் கை தவறி
நாலைந்து பெயராவது தப்பியிருக்கும்.
இதில் ஒரு பிசகும் இல்லை.
ஒரே பிழை,
ஒழுங்காக, பக்கத்துக்குப் பக்கம்.

எண்ணைத் தலைகீழாக்கினால்
காலனி நிற்கும், ஊர் காணாமல் போகும்.
கொஞ்ச நேரம்
அந்த ஆசையோடு உட்கார்ந்திருந்தேன்.
பிறகு கீழே இருந்த இன்னொரு பெட்டியை
டிக் செய்தேன்:
மோதினாலும் எல்லாப் பெயரையும் காட்டு.
முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஓட்டினேன்.
பஸ் போனது கேட்டது.

காலையில் அச்சகத்திலிருந்து போன் வரும்.
மேடம், நூற்றுப் பதின்மூன்றில்
எழுத்து மேல எழுத்து ஏறிக் கிடக்குது,
ஒன்ன எடுத்துடலாமா?

படிக்க முடியுதா, என்பேன்.
முடியுது, ஆனா
அசிங்கமா இருக்கு மேடம்.

அப்படியே போடுங்க.